பதிவேட்டில் ஏறாத வயிற்றுப்போக்கு: டெல்டாவின் கணக்கை எப்படிப் போடுவது?

குறுவை நடவு மும்முரமாக நடக்கும் நாளில், பத்து ஆள் வரவேண்டிய வயலில் ஏழு ஆள் வந்து நிற்பது டெல்டாவில் புதிதல்ல. "மத்தவங்க எங்கக்கா?" என்று வயல்காரர் கேட்டால், "அவளுக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது தம்பி, எந்திரிக்க முடியல" என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும். மூன்றாம் நாள் அந்தப் பெண் முகம் வாடி, ஆனால் நாற்று முடியைக் கையில் எடுத்துக்கொண்டு, வயலில் இறங்கிவிடுவார். நடுவில் மெடிக்கல் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார். இரண்டு நாள் கூலி போனது. நடவும் இரண்டு நாள் தள்ளியது. ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஆகவே மாவட்டத்தின் நோய்க் கணக்கிலும் அவர் இல்லை.

புகையான் விழுந்தால் எத்தனை ஏக்கர் என்று கணக்கு உண்டு. வெள்ளம் வந்தால் எத்தனை எக்டேர் மூழ்கியது என்று கணக்கு உண்டு. சாப்பாட்டாலும் தண்ணீராலும் வரும் வயிற்று நோய் ஒரு வட்டாரத்தில் எத்தனை ஆள் வேலையைத் தின்கிறது என்பதற்கும் அப்படி ஒரு கணக்கு தேவை. அது வெறும் புள்ளிவிவர ஆசை இல்லை. எந்த ஊருக்குக் குடிநீர்க் குழாயை முதலில் மாற்றுவது, எந்த மருத்துவமனைக்குப் பரிசோதனைக் கூடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எண்ணில் இல்லாத ஊர் வரிசையில் கடைசியில்தான் நிற்கும், கடைமடை வயலைப் போல.

ஒன்றுக்குப் பின்னால் 147

நாட்டில் நோய்களைக் கண்காணிக்க 2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. 2021-லிருந்து அது கணினி வழியாக நடக்கிறது. மூன்று படிகளில் தகவல் மேலே போகிறது. கிராம சுகாதார செவிலியர் வீடுகளில் கேள்விப்படுவதை எழுதுகிறார். மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிக்கு இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுகிறார். பரிசோதனைக் கூடம் கிருமியைக் கண்டுபிடித்தால் அதை உறுதி செய்து எழுதுகிறது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆள் கழிகிறார்கள். வயிற்றுப்போக்கு வந்தவரில் பாதிப்பேர் கசாயத்தோடும் மோரோடும் சமாளித்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் போகிறவர்களிலும் பலர் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். மலம் பரிசோதனைக்குக் கொடுப்பவர் மிகக் குறைவு. கொடுத்தாலும், முன்பே ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டிருந்தால் கிருமி சிக்காமல் போகலாம். கண்டுமுதலில் களத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நெல் சிந்துவது போல, நோயாளி எண்ணிக்கை வழியெல்லாம் சிந்துகிறது.

எவ்வளவு சிந்துகிறது என்று பிரிட்டனில் அளந்து பார்த்தார்கள். 2008-09-ல் அங்கே மக்களை வீட்டளவில் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வில், அரசுக் கணக்கில் ஏறும் ஒவ்வொரு வயிற்று நோயாளிக்கும் பின்னால் ஊருக்குள் 147 பேர் இருப்பது தெரியவந்தது. ஊருக்கு ஊர் குடும்ப மருத்துவர், இலவச சிகிச்சை, நல்ல பரிசோதனைக் கூடம் எல்லாம் உள்ள நாட்டின் நிலை இது. அமெரிக்காவிலும் இப்படிப் பெருக்கித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம் பேர் உணவால் நோய்ப்படுகிறார்கள், 3,000 பேர் இறக்கிறார்கள் என்பது அங்கே 2011-ல் வெளியான மதிப்பீடு. இவர்கள் எல்லோரையும் யாரும் எண்ணவில்லை. எண்ணியது கொஞ்சம், மதிப்பிட்டது மீதி.

வயலுக்குத் தெரிந்த கணக்குதான்

எண்ணாமல் எப்படிக் கணக்கு என்று விவசாயி கேட்க வேண்டியதில்லை. பயிர் அறுவடைப் பரிசோதனை அவருக்குத் தெரியும். ஒரு வருவாய்க் கிராமத்தில் விளைந்த நெல் முழுவதையும் யாரும் நிறுப்பதில்லை. குலுக்கல் முறையில் சர்வே எண் எடுத்து, அந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். ஏக்கரில் 160-ல் ஒரு பங்குதான் அந்த இடம். அதை வைத்துத்தான் ஊருக்கே மகசூல் சொல்கிறார்கள், காப்பீடும் அதன்படிதான் வருகிறது.

வயிற்று நோய்க்கும் இதே வழிதான். குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, "கடந்த இரண்டு வாரத்தில் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்ததா? எத்தனை நாள்? வேலைக்குப் போகவில்லையா? என்ன செலவு?" என்று கேட்பார்கள். ஏன் இரண்டு வாரம் என்றால், அதற்கு மேல் மனிதருக்கு வயிற்றுப்போக்கு நினைவில் நிற்பதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வில் தாய்மார்களிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். 2019-21 ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 7.3 பேருக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததாக நாடு முழுவதற்குமான கணக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு முந்தைய ஆய்வில் அது 9.2.

அறுவடைப் பரிசோதனையில் என்ன சண்டை வருமோ அதே சண்டை இதிலும் வரும். ரோட்டோரத்து நல்ல வயலை அறுத்துவிட்டு ஊரே விளைந்துவிட்டது என்று எழுதினால் விவசாயி விடுவதில்லை, விடவும் கூடாது. வயிற்று நோய்க் கணக்கெடுப்பவர் மெயின் ரோட்டு வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், வாய்க்கால் கரையோரக் குடிசை, காலனித் தெரு, வெளிமாநில நடவு ஆட்கள் தங்கும் கொட்டகை எல்லாம் விட்டுப்போகும். நோய் அதிகம் இருப்பதே அங்கேதான்.

பருவமும் முக்கியம். குறுவை மகசூலைப் பார்த்துத் தாளடிக்கு எழுத முடியாது. ஜூன், ஜூலையில் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்போது ஒரு நிலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழாயும் சாக்கடையும் ஒன்றாகும்போது வேறு நிலை. கோடையில் கோயில் திருவிழா, கிடாவெட்டு, காதுகுத்து என்று பந்தி பந்தியாகச் சாப்பாடு நடக்கும்போது இன்னொரு நிலை. ஆண்டு முழுக்க, மாதம் தவறாமல் கேட்டால்தான் அது கணக்கு.

வேலூர் எண் தஞ்சைக்கு ஆகுமா?

வீடு வீடாகப் போய்ப் பார்த்த வேலையில் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை விடாமல் தொடர்ந்து பார்த்து, ரோட்டா வைரஸ் எப்போது தாக்குகிறது என்று எழுதினார்கள். 2011-ல் அந்த முடிவு வெளியானது. ஆறு மாதத்துக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை அந்தக் கிருமி தொட்டுவிட்டிருந்தது. பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்காது. இன்று ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் இலவசம்.

அடுத்து டைபாய்டு. உணவாலும் தண்ணீராலும் பரவும் இந்தக் காய்ச்சலை வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே ஆகிய நான்கு இடங்களில் 24,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பின்தொடர்ந்து அளந்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலூர் நகர்ப்பகுதியில் லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 1,173 பேர். புனே அருகே கிராமப்பகுதியில் வெறும் 35.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நாடு, ஒரே ஆய்வு, ஒரே அளவுகோல். வித்தியாசம் 33 மடங்கு. தஞ்சைக்கு வேலூர் எண்ணைப் போடுவதா, புனே எண்ணைப் போடுவதா? இரண்டும் ஆகாது. ஆற்றுப் படுகையில் ஊர். வாய்க்காலில் குளியல், துணி துவைப்பு, மாடு கழுவுதல். கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு, குடிக்கக் குழாய்த் தண்ணீரே கதி. இப்படிப்பட்ட நிலத்துக்கு அதன் வீடுகளில் எடுத்த மாதிரிதான் பொருந்தும். மாநில சராசரி மகசூலை வைத்து ஒரு கிராமத்துக்குக் காப்பீடு மறுத்தால் எப்படியோ, அப்படித்தான் மாநில சராசரி நோயும்.

ஆனாலும் பளு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்று தெரிந்துகொள்ள ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2015 டிசம்பரில் உணவால் வரும் நோய்களுக்கு முதல் உலக மதிப்பீட்டை வெளியிட்டது. ஆண்டுக்கு 60 கோடி பேர் நோய்ப்படுகிறார்கள், அதாவது பத்தில் ஒருவர். 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு 9 பேராக இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பளுவில் நூற்றுக்கு 40 பங்கைச் சுமக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் மட்டும் 15 கோடி நோயாளிகள், 1 லட்சத்து 75 ஆயிரம் இறப்புகள்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தஞ்சாவூர் மாவட்டத்தில் 24 லட்சத்து 5 ஆயிரம் பேர். பத்தில் ஒருவர் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். அதில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள், ஆளுக்கு இரண்டு நாள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்து 40 ஆயிரம் ஆள் வேலை ஆகிறது. கூலியை 300 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 7 கோடியே 20 லட்சம் ரூபாய். ஏக்கருக்கு 16 ஆள் என்றால் 15,000 ஏக்கர் கைநடவுக்கு வேண்டிய ஆள். இது அளந்த எண் இல்லை, வாய்க்கணக்கு. இரண்டு நாளை மூன்றாக்கினால் ஒன்றரை மடங்காகும். பத்தில் ஒருவரை இருபதில் ஒருவராக்கினால் பாதியாகும். டாக்டர் பீஸ், ஆட்டோ வாடகை, துணைக்கு இருந்தவரின் கூலி எதுவும் இதில் சேரவில்லை.

இறப்பையும் படுக்கையில் கிடந்த நாளையும் ஒரே தராசில் நிறுக்க வல்லுநர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். இழந்த நல்வாழ்வு ஆண்டு என்று அதைச் சொல்லலாம். அறுபது வயதுக்காரர் இறந்தால் இழப்பது சில ஆண்டு. ஒரு வயதுக் குழந்தை இறந்தால் இழப்பது கிட்டத்தட்ட ஒரு முழு ஆயுள். நோயில் கிடந்த நாட்கள் அதன் கடுமைக்கு ஏற்பக் கூடும். உலகக் கணக்கில் இப்படி ஆண்டுக்கு 3 கோடியே 30 லட்சம் ஆண்டுகள் உணவால் மட்டும் போகின்றன. குழந்தைகளின் பங்கு ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்பது இதில் புரியும்.

சோறா, தண்ணீரா?

பதரான கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் குருத்துப்பூச்சி பங்கு எவ்வளவு, குலைநோய் பங்கு எவ்வளவு, பூக்கும் நேரத்து மழையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். வயிற்று நோயிலும் மிகச் சிக்கலான இடம் இதுதான். ஒரே கிருமி சாப்பாட்டிலும் வரும், தண்ணீரிலும் வரும், கழுவாத கையிலும் வரும். உலகக் கணக்கு போட்டவர்களும் இந்தப் பங்கைப் பிரிக்கப் பல நாட்டு வல்லுநர்களின் அனுபவ மதிப்பைத்தான் முறையாகக் கேட்டுத் தொகுத்தார்கள்.

டெல்டாவுக்கு இதில் நெருங்கிய பாடம் காரைக்கால். 2022 ஜூலை 3-ஆம் தேதி, வாந்திபேதி பரவி, சிலருக்குக் காலரா உறுதியானதால், காரைக்கால் மாவட்டத்தில் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். உணவகங்களில் கொதிக்க வைத்த தண்ணீர்தான் தர வேண்டும் என்றார்கள். குடிநீர்க் குழாயின் கசிவில் கழிவுநீர் கலந்ததுதான் சந்தேகத்துக்கு உள்ளானது. இரண்டு லட்சம் பேர் வசிக்கும் சின்ன மாவட்டம் அது. எல்லையை ஒட்டிய நாகை, மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கமும் உஷார்படுத்தப்பட்டது.

அங்கே காப்பாற்றியது, ஆட்கள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்ததும், மாதிரி எடுத்துப் பார்த்ததும்தான். அதே நோயாளிகள் தெருத்தெருவாக மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போயிருந்தால் குழாய்க் கசிவு எந்தத் தெருவில் என்பதே தெரிந்திருக்காது. நாலு பேர் ஒரே தெருவில் என்பது தகவல். நாலு தனித்தனி மாத்திரை அட்டை தகவல் இல்லை.

அதே 2022-ல், மே மாதம், ஒரத்தநாட்டில் ஷவர்மா சாப்பிட்ட கல்லூரி மாணவர்கள் மூவர் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். செய்தித்தாளில் வந்தது, அதிகாரிகள் சோதனை போட்டார்கள். ஷவர்மா என்றால் செய்தியாகிறது. காதுகுத்து விருந்துக்குப் பிறகு இருபது பேர் படுத்தால் "கண்ணு பட்டுடுச்சு" என்று போய்விடுகிறது. விருந்து கொடுத்த பங்காளியின் மனம் நோகுமே என்று யாரும் வெளியே சொல்வதில்லை. டெல்டாவின் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று இந்த மரியாதையில் இருக்கிறது.

நெல் விளையும் நாட்டில் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணில் இயல்பாக இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசியோடு வரும். சோறு வெந்தாலும் சாகாது. வடித்த சோற்றை அண்டாவில் குவித்து மூடி, ஐந்தாறு மணி நேரம் வெதுவெதுப்பாக வைத்தால் வித்து முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. அன்னதானப் பொட்டலத்தை விடிகாலையில் சூட்டோடு கட்டி மதியம் இரண்டு மணிக்கு வயலில் பிரிப்பது ஆபத்து என்பது இதனால்தான். சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். புளியோதரை கொஞ்சம் தாங்கும், புளிப்பு கிருமியை அடக்குகிறது. பழைய சோறும் புளிப்பால்தான் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் சோறு ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். ராத்திரி பத்து மணி வரை மூடி வைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றினால், அதற்குள் உண்டான நஞ்சைப் புளிப்பு ஒன்றும் செய்யாது.

எந்தச் சாப்பாடு என்று கண்டுபிடிக்க நேரம் உதவும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி என்றால் பெரும்பாலும் முன்பே உண்டான நஞ்சு. சால்மோனெல்லா என்றால் ஆறு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகலாம். கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள், பல நேரம் அது குற்றவாளி இல்லை. பூச்சிமருந்து அடித்த அன்று வரும் வாந்தி, தலைசுற்றல் வேறு கணக்கு. அதற்கு மருந்து டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விளைவிக்கிறவர் பங்கு

உணவு என்றால் ஓட்டல் மட்டும் இல்லை. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாகவோ பாதி வேக்காட்டிலோ சாப்பிடும் பொருளில் வயல்காரருக்கும் பங்கு உண்டு. பச்சைச் சாணத்தில் நோய்க்கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் இயற்கை வேளாண் சான்று பெறும் பண்ணைகள், மக்காத சாணம் போட்டால், மண்ணில் படும் விளைபொருளை 120 நாள் கழித்துத்தான் அறுவடை செய்யலாம் என்பது சட்டம். நம் அரைக்கீரை ஒரு மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். ஆகவே கீரைப் பாத்திக்கு நன்கு மக்கிய எருவைத் தவிர வேறு வழியில்லை. குவியலின் உள்ளே 55 டிகிரி வரை சூடேறி, பல நாள் நின்று, கிளறி மக்கவைத்த எருவில் கிருமி சாகும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா நல்ல இடுபொருள்கள்தான். ஆனால் பச்சைச் சாணம் சேர்ந்த கரைசலை நாளை அறுக்கப்போகும் கீரையின் மேல் தெளிப்பது சரியில்லை. அறுத்த கட்டை வாய்க்காலில் முக்கி எடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் கீரை அதே பசுமையோடுதான் சந்தைக்குப் போகும்.

யாரிடம், என்ன சொல்வது

ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கோ, ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்கோ ஒரு சமயத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அன்றே சொல்ல வேண்டும். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. எத்தனை பேர், என்ன சாப்பிட்டார்கள், எந்தக் குழாய்த் தண்ணீர், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற நாலு விவரம் போதும். விருந்து நடத்தியவர் மேல் வழக்குப் போடுவார்களோ என்று பயந்து மறைக்கக் கூடாது. தேடுவது காரணத்தை. முடிந்தால் மாத்திரை தொடங்குமுன் மலம் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. மீந்த சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் சுத்தமான டப்பாவில் மூடிக் குளிர்ச்சியான இடத்தில் தனியே வைத்தால் அதிகாரிகளுக்கு உதவும். குழாயடியில் குளோரின் குறைந்தது 0.2 பிபிஎம் இருக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்லி ஊராட்சியில் கேட்கலாம்.

அதற்கிடையில் வீட்டில் செய்யவேண்டியது ஓஆர்எஸ். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு மாறிவிடும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 மில்லிகிராம், 14 நாள். மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டும். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகச் சமமானால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ், துத்தநாகம் இரண்டும் இலவசம். வாங்கப் போகும்போது செவிலியர் பெயரும் வயதும் தெருவும் கேட்பார். அதைச் சரியாகச் சொல்லி, எழுதிக்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டு வரலாம்.